ஒரு வீட்டுக்கு ஒரு குரல்

வாடைக்காற்று எழும்பும் மாதங்களில் நான் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் படுப்பேன். கிழவனுக்குக் குளிர் ஆகாது என்று நினைத்து மருமகள் கம்பளி கொண்டுவந்து தருவாள். நானும் பேசாமல் வாங்கிக்கொள்வேன். காரணம் குளிர் அல்ல. ஊரில் யாராவது பட்டத்துக்கு விண் பூட்டி ஏற்றியிருப்பார்கள். அந்தச் சத்தம் என் காதில் விழக்கூடாது.

விண் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மூங்கில் வில். நாணுக்குப் பதிலாக, தாள்போல மெல்லிதாய்ச் சீவிய பனைநார். பட்டத்தின் தலைமாட்டில் அதைப் பூட்டி ஏற்றினால் காற்றில் நார் அதிர்ந்து கூவும். நூலை ஒரு பனையில் கட்டிவிட்டால் விடியும்வரை கூவிக்கொண்டு நிற்கும். வடமராட்சிப் பக்கம், நெல்லியடியிலிருந்து கடலை நோக்கிப் போகிற வழியில் உள்ள எங்கள் ஊரில் எல்லோருக்கும் விண் கட்டத் தெரியும். நானும் கட்டுவேன். ஆனால் எங்களுடையது கத்தும். ஊரில் ஓர் அண்ணை இருந்தார், அவருடையது கதைக்கும். இது நான் சொன்ன வார்த்தை அல்ல. ஊர் சொன்னது. என் காதுபடச் சொன்னது.

அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சிறுபிள்ளையில் அம்மாள் வருத்தம் கண்டு, உயிர் தப்பிப் பார்வை போய்விட்டது. முகம் முழுக்க அம்மை வடு. நெடிய, ஒடிசலான உடம்பு. வேலிக்கு அப்பால் யாரோ கூப்பிட்டதுபோலத் தலையை எப்போதும் இடப்பக்கம் சாய்த்து வைத்திருப்பார். அடக்கமான மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நல்ல வாய்க்காரர். பனங்கட்டி என்றால் உயிர். விண் கேட்டு வருகிறவன் வெறுங்கையோடு வந்தால், "இண்டைக்கு என்ரை கை ஓடாது, நாளைக்குக் கொஞ்சம் இனிப்போடை வா, பாப்பம்" என்று அனுப்பிவிடுவார்.

என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார். நான் அப்போது மிசன் பள்ளிக்கூடப் படிப்பு முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"எடேய் மாஸ்ரர், இந்த முனையை ஒருக்காப் பிடி. அசையாதை. வகுப்பிலை நிண்டு வாயாட்டுற மாதிரிக் கையை ஆட்டாதை."

வில்லை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, உடைந்த போத்தல் ஓட்டினால் நாரைச் சீவுவார். இடைக்கிடை நாரைக் கீழுதட்டில் வைத்து இழுத்துப் பார்ப்பார். தடிப்பு எங்கே இருக்கிறது என்பதை உதடுதான் அவருக்குச் சொல்லும். பிறகு எழும்பி, விண்ணை ஒரு கயிற்றில் கட்டித் தலைக்குமேல் சுழற்றுவார். முற்றத்துக் கோழிகள் பறந்தோடும். சத்தம் பிடிக்கவில்லையென்றால், "சனியன், மூக்காலை அழுகுது" என்று நாரை அறுத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

ஊர்ப் பட்டங்கள் அந்த நாளில் எங்கள் இருவர் கையாலும்தான் போயின. பட்டம் நான் கட்டுவேன். விண் அவர் பூட்டுவார். ஒரே மாதிரி இரண்டு விண் அவர் கட்டியதை நான் கண்டதில்லை. அடுத்த வீட்டானுடையதைப்போல வேண்டும் என்று யாராவது வந்தால் முகம் மாறிவிடும்.

"ஒரு வீட்டுக்கு ஒரு குரல். அவன்ரை குரல் உனக்கெதுக்கு? நீயென்ன அவன்ரை வீட்டிலையோ படுக்கிறாய்?"

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருந்தார். புருசன் மலாயாவில் றெயில்வேயில் வேலை. ஒரு மாரிக்கு, மடியில் ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டியோடு வந்து அவர் முன்னால் குந்தினார்.

"தம்பி, ஆம்பிளை இல்லாத வீடு. ராவிலை ஒரு ஆம்பிளைச் சத்தம் கேக்கட்டும். அப்பிடி ஒண்டு கட்டித் தா, ராசா."

"மாமாவின்ரை குரல் எப்பிடியணை?"

"கட்டைக் குரல். கதைக்கிறதை விடச் செருமுறதுதான் கூட."

அவர் சிரிக்கவில்லை. நாரைத் தடிப்பாக விட்டார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கூடுதலாகச் சுரண்டினார். அந்தப் பட்டம் ஏறியபோது, கட்டையாய் உறுமிக்கொண்டே போய், இருந்தாற்போல் ஒரு இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பவும் உறுமியது. மறுநாள் காலை கிணற்றடியில் மாமி சொல்லிக்கொண்டிருந்தார்: "ராத்திரி முழுக்க ஒரே புறுபுறுப்பு. அந்தத் தேசத்திலை இருந்துகொண்டும் மனிசன் என்னை நித்திரை கொள்ள விடுறாரில்லை." பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டம் நான் கட்டியது. வாலுக்குத் துணி கிழித்து, நூல் பூட்டுகிற முச்சை பார்த்துக் கட்டி, ஓர் இடமும் சரியாமல் வானத்தில் நிறுத்தியவன் நான். அதைப்பற்றி மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. துலாவைப் பிடித்தபடி நின்ற எனக்கு வயிறு எரிந்தது. கண் தெரியாத ஒரு மனிதரைப் பார்த்து வயிறெரிகிறது என்பதை எனக்கே ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆகவே அதற்கு வேறு பெயர் வைத்தேன். அவருக்குத் தலைக்கனம், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அவரைப்பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மற்ற மாதங்களில் அவரை அவருடைய அக்காதான் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு திரிவார். தம்பிக்காகக் கலியாணமே வேண்டாமென்று இருந்துவிட்ட மனுசி அவர். பட்டக் காலம் வந்தால் அண்ணை அந்தக் கையை உதறிவிடுவார். கோயிலுக்குத் தனியே போவார், கொல்லன் பட்டறைக்குத் தனியே போவார், கடற்கரைக்குப் போய் வலைக்காரரோடு வாயடித்துவிட்டுத் தனியே வருவார். சந்தியில் ஒரு கணம் நிற்பார். தலை சாயும். பிறகு வளவு வளவாய்ப் பேர் சொல்லிக்கொண்டு நடப்பார். ஒருநாள் நான் கூட நடந்தேன்.

"உது மாமி வீடு. செருமுறார் மாமா. அங்காலை பரியாரியார். உது உங்கடை, கேக்குதே? வாடைக்கு எல்லாப் பட்டமும் ஒரே பக்கம்தான் சாயும், மாஸ்ரர். சத்தத்தைப் பிடிச்சா மரத்தைப் பிடிக்கலாம். மரத்தைப் பிடிச்சா வீட்டைப் பிடிக்கலாம்."

கடலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான், விடியப்புறம் மூடுபனிக்குள் விண் சத்தத்தை வைத்துக் கரையைப் பிடிப்போம் என்று அவரிடம் சொல்லி, மீன் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இதை நான் இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நடந்ததைக் கேட்டவர்களிடமெல்லாம், அவர் சத்தத்தை வைத்து வழி பிடிக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது என்றே சொல்லி வந்திருக்கிறேன். தெரியும். அவரே சொல்லித் தெரியும்.

ஒரு தைப்பொங்கலுக்கு நான் எட்டுமூலைப் பட்டம் ஒன்று கட்டினேன். யாழ்ப்பாணம் பெரியகடையில் வாங்கிய கலர்க் கடதாசி, நடுவில் வெட்டி ஒட்டிய மயில், ஓரத்தில் குஞ்சம். ஊர்ச் சனம் முழுவதும் தரவையில் கூடியது. தரவை என்றால் ஊருக்கு நடுவில் மாடு மேய்கிற வெட்டை. பட்டம் ஏறியது. அவருடைய விண் தொடங்கியது. நான் சனத்தின் முகத்தைப் பார்த்தேன். மயிலைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் நின்ற என் தகப்பனாரும் மூடிக்கொண்டுதான் நின்றார்.

வீட்டுக்கு வந்து, "பட்டம் எப்பிடி ஐயா?" என்று கேட்டேன்.

"வடிவாய்த்தான் கிடக்கு. அவன்ரை விண் ஏறிப் போறதுக்கு ஒரு நல்ல வண்டில் செய்திருக்கிறாய்."

ஐயா அதை நையாண்டியாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த வருடமே நான் அண்ணையிடம் போனேன். அவர் தன் வீட்டுக்கென்று வைத்திருந்த குரல் ஒன்று உண்டு. மற்ற எல்லாக் குரலிலும் அது மேலானது. தாழத் தொடங்கி, ஓரிடத்தில் விம்மி, பிறகு நீட்டாக ஏறும். அது பூட்டியிருந்த பட்டமோ, பழைய பத்திரிகைத் தாளை ஒட்டுப்போட்டு நான் வேண்டாவெறுப்பாய்க் கட்டிக் கொடுத்தது.

"அண்ணை, எனக்கு உங்கடை குரலிலை ஒண்டு கட்டித் தாருங்கோ."

"உனக்கு ஒண்டு கட்டித் தந்தனான்தானே. நல்ல குரல் அது, பள்ளிக்கூட மணி மாதிரி."

"எனக்கு உங்கடை வேணும்."

"அது என்ரை வீடு, மாஸ்ரர்." பனங்கட்டியைக் கடித்தபடி சொன்னார். "வீட்டைக் கேக்கிறியே?"

அடுத்த மாரி தொடங்கும்போது, முந்திய வருடத்துப் பழைய விண் அவர்கள் கொட்டிலில் கூரைவளையில் செருகிக் கிடந்தது. நான் அவருக்கு முன்னால் இருந்து யாழ்ப்பாணத்துப் புதினங்கள் கதைத்துக்கொண்டே எழும்பி, கைநீட்டி அதை எடுத்தேன். ஓலை சரசரத்தது. இருமினேன்.

"என்னடாப்பா, கதையிலை நல்ல இடத்திலை நிப்பாட்டிப் போட்டாய்?"

"ஒண்டுமில்லை அண்ணை, தடிமன்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்றார். என் சட்டைக்குள் அவருடைய விண் இருந்தது.

என்னிடம் கண் இருந்தது, அடிமட்டம் இருந்தது. வில்லின் வளைவை, நாரின் அகலத்தை, சுரண்டிய இடங்களை அளந்து அப்படியே கட்டினேன். எத்தனையோ நார் வீணாய்ப் போனது. தோட்டத்தில் தனியே நின்று சுழற்றிப் பார்ப்பேன், கத்தும். மார்கழி முடிகிற நேரத்தில் ஒருநாள் அது கத்தாமல், தாழத் தொடங்கி, விம்மி, ஏறியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் வேறு இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

பழைய விண்ணை அவருடைய கூரையிலேயே திருப்பிச் செருகிவிட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான்: ஊர் அதைக் கேட்டு, "அவன்ரை விண் கூவுது" என்று சொல்ல வேண்டும், நான் முன்னால் வந்து, "இல்லை, என்ரை" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவருடைய பட்டம் வானத்தில் இருக்கக்கூடாது.

பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் காலை மழை தூறி, ஊர்ப் பட்டங்களையெல்லாம் இறக்கிவிட்டார்கள். பின்னேரம் வெளித்தது, ஆனால் யாரும் இன்னும் திரும்ப ஏற்றவில்லை. அவர் கொல்லன் பட்டறையில் இருந்தார். இருட்டிவரும் மைமல் பொழுதில் தரவையைக் குறுக்கறுத்து வீட்டுக்கு வருவார். அதற்குமுன் அக்கா அவருடைய பட்டத்தை ஏற்றிவிடுவது வழக்கம். நான் அவர்கள் வீட்டுப் படலையடிக்குப் போனேன்.

"அக்கா, அண்ணையின்ரை பட்டத்தை நான் ஏத்திவிடுறன். நீங்கள் மாட்டைப் பாருங்கோ."

"நீ நல்லாயிருப்பாய், தம்பி. மறந்திடாதை, அவன் வாற நேரம்" என்றார் அக்கா.

அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டுபோய் எங்கள் தோட்டத்துக் குடிலுக்குள் வைத்தேன். என்னுடையதை ஏற்றினேன். எங்கள் தோட்டம் தரவையின் கிழக்குக் கரையில். அவர்கள் வீடு வடக்குக் கரையில். எங்கள் தோட்டத்துக்கு முன்னால், தரவைக்குள், மாடு தண்ணீர் குடிக்கிற துரவு ஒன்று இருந்தது. கட்டு இல்லாத பள்ளக் கிணறு. கோடையில் ஆழம் தெரியும். மாரியில் விளிம்புவரை நிறைந்து, புல்லும் தண்ணீரும் ஒரே மட்டமாய்க் கிடக்கும். ஒற்றையடிப் பாதையும் அந்த நாட்களில் வெள்ளத்துக்குள் போய்விடும்.

விண் கூவியது. வேலியோரமாய்ப் போன இரண்டு பேர் நின்றார்கள். "கேட்டியே, அவன்ரை விண். இண்டைக்கு என்ன கிழக்காலை கேக்குது?" என்றான் ஒருவன். "காத்து மாறியிருக்கும். அவன்ரைதான், உது வேறை ஆற்றையும் வராது" என்றான் மற்றவன். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருக்க ஆசையாய் இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள்.

அப்போது அவர் தரவைக்குள் இறங்குவதைக் கண்டேன். பாதித் தூரம் வந்து நின்றார். காலால் புல்லைத் தடவினார். தலை சாய்ந்தது. வடக்கே போக வேண்டியவர் கிழக்கே திரும்பினார். முகத்தில் சிரிப்பு. கையை வீசிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற மனிதர் நடக்கிற மாதிரி நேரே என்னை நோக்கி நடந்து வந்தார்.

இடையில் துரவு இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், இது தன் வீடு இல்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். இன்னும் சில அடி அவர் அதை நம்பி வரட்டும் என்று நின்றேன். ஊர் ஏமாந்தது எனக்குப் போதவில்லை. அவர் ஏமாற வேண்டும். கடைசி நேரத்தில் கத்தலாம் என்றுதான் நினைத்தேன். கத்தினேன். அவர் கால் தண்ணீருக்கு மேல் இருந்தது.

பாய்ந்து தூக்கினேன். உயிருக்கு ஒன்றுமில்லை. விழும்போது கையை ஊன்றியிருக்கிறார்; உள்ளே கிடந்த கல்லில் அடிபட்டு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு மேலே விண் கூவிக்கொண்டே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படலையடியில் அவர் நின்று, தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

"உது என்ரை பட்டம் இல்லை, என்ன?"

"இல்லை, அண்ணை. என்ரை."

"நீயே கட்டினனீ?"

"ஓம்."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தில் ஒரு வியப்பு வந்தது. "நல்லாய்க் கட்டியிருக்கிறாய். இடையிலை திசை பிழைக்குது எண்டு கால் சொன்னது. நான் காலைத்தான் சந்தேகப்பட்டன். விண்ணைச் சந்தேகப்படேல்லை."

நான் இத்தனை காலம் காத்திருந்த வார்த்தை அது.

அக்கா அழுதுகொண்டு ஓடிவந்தார். "கால் வழுக்கிப் போச்சு" என்றார் அவர். அவருடைய பட்டம் ஏன் ஏறவில்லை என்று அக்கா என்னிடம் கேட்டபோதும் அவர்தான் முந்திக்கொண்டார்: "நனைஞ்ச கடதாசி, கிழிஞ்சிருக்கும்."

முறிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டினார். எலும்பு பொருந்தியது, விரல்கள் மடங்கவில்லை. நான் நாள்தோறும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் அக்கா கிணற்றடிக்குப் போன நேரத்தில் கேட்டார்.

"மாஸ்ரர், நான் வாறதை நீ எந்த இடத்திலை கண்டனி?"

"விழேக்கைதான் கண்டனான், அண்ணை."

"ம்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. நானும் நிசத்தைச் சொல்லவே இல்லை. இந்தக் கடதாசியில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அடுத்த மாரிக்கு அவரால் போத்தல் ஓட்டைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் முயன்று பார்த்துவிட்டு எறிந்துவிட்டார். சனம் என்னிடம் வந்தது. "அவன்ரை குரலிலை நீ கட்டுவியாமே. எங்களுக்கும் அதுதான் வேணும்." நான் கட்டினேன். எனக்கு அந்த ஒரு குரல்தான் வரும். பரியாரியாருக்கும் அதையே கட்டினேன், வலைக்காரருக்கும் அதையே கட்டினேன். மாமிக்கும்தான். மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வடிவாய்த்தான் கூவுது தம்பி, ஆனா வீட்டிலை ஆரோ பிறத்தியார் நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். யாரைப் பார்த்து மாமிக்குப் பொறாமை என்று யோசிக்கவில்லை.

தை பிறந்து, ஊர் வானம் நிறையப் பட்டம் நின்ற ஒரு பின்னேரம், ஒழுங்கையில் அவரைக் கண்டேன். பட்டக் காலத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். என் காலடி கேட்டு நின்றார். மடங்காத கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்தது, பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. அப்படி அவர் செய்து நான் கண்டதில்லை.

"எல்லாம் உன்ரையோ?"

"ஓம், அண்ணை."

"நல்லாயிருக்கு." பிறகு சொன்னார்: "இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் என்ரை வீடுதான், மாஸ்ரர்."

அக்கா என்னைப் பார்க்காமல் அவர் கையை இழுத்தார். போய்விட்டார்கள்.

நல்லாயிருக்கு என்று அவர் சொன்னது மட்டுந்தான் அன்றைக்கு என் காதில் விழுந்தது. அதை நினைத்து நினைத்து மகிழ்ந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். மற்றது கேட்க வெகு காலம் ஆயிற்று. வாடை எழும்பினால் இப்போது அது ஒன்றுதான் கேட்கிறது.